ஒரே ஓடுபாதை, 30 விமானங்கள்: கணினி வானில் கூட்டுப் பறப்பு நடத்துவது எப்படி?

புனே: சனிக்கிழமை இரவு 8.30 மணி. சென்னை, கோவை, கொழும்பு, சிங்கப்பூர் எனப் பல ஊர்களில் 30 பேர் தத்தம் வீட்டுக் கணினியின் முன் அமர்கின்றனர். அனைவரின் திரையிலும் தெரிவது சென்னை விமான நிலையம். அனைவரும் சென்று இறங்க வேண்டிய இடம் புனே. அங்கே இருப்பது ஒரே ஓடுபாதை.

ஃபிளைட் சிமுலேட்டர் எனப்படும் விமானப் பறப்பு மென்பொருளில் பலர் இணையம் வழியாக ஒரே நேரத்தில், ஒரே வானில் பறப்பதைக் கூட்டுப் பறப்பு எனலாம். மேற்கண்ட காட்சி ஓர் எடுத்துக்காட்டுதான். ஆனால், இத்தகைய நிகழ்ச்சிகள் உலகெங்கும் வார இறுதிகளில் நடைபெற்று வருகின்றன. ஏற்பாடு சரியாக இருந்தால் 30 விமானங்களும் வரிசையாக இறங்குகின்றன. இல்லாவிட்டால் முதல் அரை மணி நேரத்திலேயே அலைவரிசையில் கூச்சல் எழுந்து, ஓடுபாதையில் விமானங்கள் ஒன்றன்மேல் ஒன்று நின்று, பாதிப் பேர் வெளியேறி விடுகின்றனர்.

இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பறக்கும் திறமை அல்ல. முன்னேற்பாடும், வானொலியில் பேசும் ஒழுங்கும்தான். அவற்றைப் புனேயை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது இந்தக் கட்டுரை.

எங்கே நடத்துவது?

கூட்டுப் பறப்புக்கு முதன்மையாக மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, சிமுலேட்டரிலேயே உள்ள வசதி. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரின் முதல் பதிப்பு 1982-இல் வெளியானது. 2020 ஆகஸ்டிலும் 2024 நவம்பரிலும் வெளியான அண்மைப் பதிப்புகளில் நண்பர்களைக் குழுவாக இணைத்துப் பறக்க முடியும். 1997-இல் தொடங்கிய ஃபிளைட்கியர் என்ற இலவச மென்பொருளிலும் பலர் சேர்ந்து பறக்கும் வசதி உண்டு. பேசுவதற்கு டிஸ்கார்ட் போன்ற குரல் செயலி போதும். ஐந்தாறு நண்பர்கள் மலைகளையும் கோட்டைகளையும் சுற்றிப் பார்க்க இதுவே எளிய வழி.

இரண்டாவது, மெய்நிகர் வான் போக்குவரத்து வலையமைப்புகள். 1998-இல் தொடங்கிய ஐவாவோ, 2001-இல் தொடங்கிய வாட்சிம் ஆகிய இரண்டும் இவற்றுள் பெரியவை. இவற்றில் விமானிகள் மட்டுமல்ல, வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும் தன்னார்வலர்களே. உண்மையான விமான நிலையத்தில் கோபுரத்தில் அமர்ந்திருப்பவர் கூறுவதைப் போலவே, இங்கும் ஒருவர் தம் வீட்டில் ரேடார் திரையைப் பார்த்தபடி அனுமதி வழங்குவார். வாட்சிமில் சேரக் கட்டணம் இல்லை. 13 வயது நிறைந்திருக்க வேண்டும். பறப்பதற்கு முன் ஓர் அறிமுகத் தேர்வும் உண்டு. அதன் மேற்கு ஆசியப் பிரிவின் கீழ் இந்திய வான்பரப்புக்கெனத் தனிக் குழு செயல்படுகிறது.

மூன்றாவது, போட்டிப் பறப்பு. எஞ்சின் இல்லாத கிளைடர்களுக்கான காண்டோர் என்ற சிமுலேட்டரில் நிகழ்ச்சியை நடத்துபவரே வானிலையையும் பந்தயப் பாதையையும் நிர்ணயிக்கிறார். பங்கேற்போர் அனைவருக்கும் அதே அமைப்பு கிடைக்கிறது. புனேயின் ஹடப்சரில் மத்திய அரசின் கிளைடிங் மையம் உண்மையிலேயே இயங்கி வருவதால், அந்த ஊரில் இவ்வகைப் பறப்பு புதியதல்ல.

முதல் வழியில் கட்டுப்பாட்டாளர் இல்லை, மூன்றாவதில் தேவையில்லை. ஏற்பாட்டாளருக்கு உண்மையான சோதனை இரண்டாவது வழியில்தான். எனவே, இனி வருவது பெரும்பாலும் அதைப் பற்றியே.

புனே ஏன் கடினமான இடம்?

புனே விமான நிலையம் லோஹேகாவில் உள்ளது. 1939-இல் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் போர் விமானத் தளமாக உருவாக்கப்பட்ட இது, இன்றும் இந்திய விமானப் படையின் தளமே. சுகோய்-30 எம்கேஐ ரகப் போர் விமானங்களின் முதல் படைப்பிரிவு 2002-இல் இங்குதான் சேர்க்கப்பட்டது. பயணிகள் விமானங்கள் அதே ஓடுபாதையைப் பகிர்ந்து கொள்கின்றன. வான் போக்குவரத்துக் கட்டுப்பாடும் விமானப் படையின் கையில்தான் உள்ளது. 2024 மார்ச்சில் புதிய பயணிகள் முனையம் திறந்துவைக்கப்பட்ட பிறகும், ஓடுபாதை பழைய அதே ஒன்றுதான். அதன் நீளம் சுமார் 2.5 கிலோமீட்டர். கிழக்கு நோக்கிப் பயன்படுத்தும்போது 10 என்றும், மேற்கு நோக்கிப் பயன்படுத்தும்போது 28 என்றும் அது குறிக்கப்படுகிறது.

இந்த நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,942 அடி உயரத்தில் இருக்கிறது. மேற்கே சஹ்யாத்ரி மலைத் தொடர். அதைத் தாண்டினால் நாட்டின் மிக நெருக்கடியான வான்பரப்புகளில் ஒன்றான மும்பை. இரண்டு நிலையங்களுக்கும் இடையே நேர்க்கோட்டுத் தொலைவு சுமார் 125 கிலோமீட்டர் மட்டுமே. மும்பையில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இரண்டு ஓடுபாதைகள் இருந்தாலும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே பயன்படுத்த முடிகிறது. அந்த நிலையிலும் 2018 டிசம்பர் 8 அன்று அங்கே ஒரே நாளில் 1,007 விமானங்கள் ஏறி இறங்கின.

ஆகவே, புனேயைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டாளர் மூன்று கேள்விகளுக்கு முதலிலேயே விடை காண வேண்டும். ஓடுபாதை எத்தனை விமானங்களைத் தாங்கும்? காத்திருக்கும் விமானங்கள் எங்கே வட்டமிடும்? மும்பையை நோக்கிச் செல்லும் மற்றவர்களுக்கு இடையூறு நேராமல் இருக்க என்ன வழி?

30 விமானங்களுக்கான கணக்கு

ஒரு பயணிகள் விமானம் இறங்கும் கட்டத்தில் மணிக்குச் சுமார் 140 நாட் வேகத்தில் வருகிறது. இரு விமானங்களுக்கு இடையே 5 கடல் மைல் இடைவெளி விட்டால், அடுத்தடுத்து இறங்க இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகும். இறங்கியவர் ஓடுபாதையை விட்டு விலகுவதற்கும், இடையில் யாராவது மீண்டும் மேலெழும்பிச் சுற்றி வருவதற்கும் இடம் விட வேண்டும். எனவே, மூன்று நிமிடத்துக்கு ஒன்று எனக் கொள்வது பாதுகாப்பான கணக்கு. அதாவது, ஒரு மணி நேரத்தில் 20 விமானங்கள். 30 விமானங்கள் இறங்க ஒன்றரை மணி நேரம் வேண்டும்.

சென்னையிலிருந்து புனேவுக்கு நேர்க்கோட்டில் சுமார் 910 கிலோமீட்டர். ஜெட் விமானத்தில் ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் எனலாம். 8.30-க்கு முதல் விமானம் புறப்பட்டு, மூன்று நிமிடத்துக்கு ஒன்றாக மற்றவை தொடர்ந்தால், முப்பதாவது விமானம் புறப்படும்போது மணி 9.57. அப்போது முதல் விமானம் புனேயை நெருங்கிக் கொண்டிருக்கும். கடைசி விமானம் இறங்குகையில் ஏறத்தாழ 11.30 ஆகிவிடும்.

இந்த எளிய கணக்கு பலவற்றைத் தெளிவாக்குகிறது. இரண்டு மணி நேர நிகழ்ச்சி என அறிவித்துவிட்டு 30 பேரைச் சேர்த்தால், நேரத்துக்குள் முடிக்கவே முடியாது. கட்டுப்பாட்டாளர் ஒருவரே மூன்று மணி நேரம் இடைவிடாமல் பேச முடியாது. இடையில் மாற்றி அமர ஆள் வேண்டும். கடைசியில் புறப்படுபவர் ஒன்றரை மணி நேரம் நிறுத்தத்தில் காத்திருக்க நேரும் என்பதால், ஒவ்வொருவருக்கும் புறப்படும் நேரத்தை முன்பே ஒதுக்கித் தந்துவிட வேண்டும்.

அனைவரும் ஓரிடத்திலிருந்து புறப்பட்டால், புறப்பாட்டு இடைவெளியே இறங்கும்போதும் ஏறத்தாழ நீடிக்கும். ஆனால் பெங்களூரிலிருந்தும் ஹைதராபாதிலிருந்தும் சிலர் வர விரும்பினால் கணக்கு மாறுகிறது. பெங்களூரிலிருந்து தொலைவு சுமார் 720 கிலோமீட்டர், ஹைதராபாதிலிருந்து 500. மூன்று ஊர்களிலும் ஒரே நேரத்தில் புறப்பாடு தொடங்கினால், வரிசைகள் புனேவுக்கு அருகே ஒன்றோடொன்று கலந்துவிடும். அப்போது ஒதுக்க வேண்டியது புறப்படும் நேரத்தை அல்ல, இறங்கும் நேரத்தை. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு ஒவ்வோர் ஊருக்கும் புறப்படும் நேரம் தரப்பட வேண்டும்.

அட்லாண்டிக் பெருங்கடலின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நூற்றுக்கணக்கானோர் பறக்கும் 'கிராஸ் தி பாண்ட்' என்ற வாட்சிம் நிகழ்ச்சி ஆண்டுக்கு இருமுறை நடைபெறுகிறது. அங்கும் அடிப்படை இதுவே. இடம் ஒதுக்கப்பட்டவர்கள் குறித்த நேரத்தில், குறித்த பாதையில் புறப்பட வேண்டும்.

எவ்வளவு திட்டமிட்டாலும் சிலர் முந்திக்கொண்டு வந்துவிடுவர். அவர்களுக்காக வட்டமிடும் இடத்தை முன்கூட்டியே குறித்து வைக்க வேண்டும். வழக்கமான முறையில் ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடம் ஆகும். ஒருவருக்கு மேல் ஒருவராக ஆயிரம் அடி இடைவெளியில் அடுக்கினால், கீழே உள்ளவர் இறங்க இறங்க மற்றவர்கள் ஒவ்வொரு படியாகக் கீழே வரலாம். அந்த இடம் புனேவுக்குக் கிழக்கிலோ தெற்கிலோ இருப்பது நல்லது. மேற்கில் வைத்தால் மலையும் மும்பைப் போக்குவரத்தும் குறுக்கிடும்.

அறிவிப்பில் என்ன இருக்க வேண்டும்?

கூட்டுப் பறப்பில் எழும் பெரும்பாலான குழப்பங்கள் விமானம் நகரும் முன்பே தொடங்கிவிடுகின்றன. ஒவ்வொருவரின் கணினியிலும் ஒவ்வொரு வகையான உலகம் இருப்பதே காரணம். எனவே, அறிவிப்பில் கீழ்க்கண்டவை தெளிவாக இருக்க வேண்டும்.

நேரம்: விமானப் போக்குவரத்தில் உலகம் முழுவதும் யுடிசி எனப்படும் பொது நேரமே வழக்கில் உள்ளது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. இந்திய நேரம் இரவு 8.30 என்பது யுடிசி 15.00. அப்போது கொழும்பிலும் இரவு 8.30, சிங்கப்பூரில் இரவு 11 மணி. அறிவிப்பில் யுடிசியும் இந்திய நேரமும் சேர்ந்தே இடம்பெற வேண்டும்.

விமான வகை: செஸ்னா 172 மணிக்குச் சுமார் 120 நாட் வேகத்தில் செல்லும். சென்னையிலிருந்து புனேவுக்கு அதற்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏர்பஸ் ஏ320-க்கும் போயிங் 737-க்கும் நடுவே ஒரு செஸ்னா இறங்க வந்தால் பின்னால் வருவோர் அனைவரும் காத்திருக்க வேண்டியதுதான். வேகம் ஏறத்தாழ ஒத்திருக்கும் வகைகளை மட்டும் அனுமதிப்பது நல்லது.

வழித்தடத் தரவு: விமானப் பாதைகள், நடைமுறைகள் பற்றிய தரவுகள் உலகெங்கும் 28 நாள்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. ஒருவரிடம் பழைய தரவும் மற்றொருவரிடம் புதிய தரவும் இருந்தால், ஒரே பெயருள்ள பாதையில் இருவரும் வேறு வேறு இடத்தில் திரும்புவர். நவி மும்பை விமான நிலையம் 2025 அக்டோபர் 8 அன்று திறந்துவைக்கப்பட்டது. டிசம்பர் 25 முதல் அங்கிருந்து பயணிகள் விமானங்கள் இயங்குகின்றன. பழைய தரவுள்ள கணினியில் அந்த நிலையமே இருக்காது. எந்தக் காலகட்டத் தரவு பயன்படுத்தப்படும் என்பதை எழுத்தில் குறிப்பிட வேண்டும்.

வானிலை: சிலர் நேரடி வானிலையை வைத்திருப்பர்; சிலர் தெளிவான வானத்தைத் தேர்ந்தெடுத்திருப்பர். இது காட்சி பற்றிய விஷயம் மட்டுமல்ல. விமானத்தின் உயரமானி காற்றழுத்தத்தைக் கொண்டே உயரத்தைக் காட்டுகிறது. ஒரு ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு சுமார் 27 முதல் 30 அடி. அழுத்தத்தில் பத்து அலகு வேறுபட்டால், ஒரே உயரத்தில் இருப்பதாகக் கருதும் இருவரிடையே ஏறத்தாழ 300 அடி இடைவெளி ஏற்படும். ஆயிரம் அடி இடைவெளியை நம்பி அடுக்கி நிறுத்தும்போது இது சிறிய பிழையல்ல.

பகலா, இரவா: இரவு 8.30-க்கு நேரடி நேரத்தில் பறந்தால் புனே இருளில்தான் தெரியும். இயற்கைக் காட்சியைக் காண்பதே நோக்கம் என்றால், அனைவரும் ஒரே பகல் நேரத்தைத் தத்தம் கணினியில் அமைத்துக்கொள்ளுமாறு கேட்க வேண்டும்.

நிறுத்துமிடம்: ஒவ்வொருவருக்கும் நிறுத்த எண் தரப்பட வேண்டும். ஓடுபாதையிலோ டாக்ஸிவேயிலோ நின்றபடி வலையமைப்பில் இணைவதை வாட்சிம் விதிகள் அனுமதிப்பதில்லை. இருவர் ஒரே நிறுத்தத்தைத் தேர்ந்தெடுத்தால், திரையில் ஒரு விமானத்துக்குள் மற்றொன்று புகுந்து நிற்கும்.

கோபுரத்தில் யார்?

வாட்சிமில் நினைத்தவர் நினைத்த இடத்தில் கட்டுப்பாட்டாளராக அமர முடியாது. பயிற்சி பெற்று, தேர்ச்சி அடைந்து, படிப்படியாக உயர வேண்டும். தரைக் கட்டுப்பாடு, கோபுரம், அணுகுமுகக் கட்டுப்பாடு, பெருவழிக் கட்டுப்பாடு என நான்கு நிலைகள் உள்ளன. விமானத்தை நிறுத்தத்திலிருந்து நகர்த்துவது முதல் நிலையின் பணி. ஓடுபாதையில் ஏற, இறங்க அனுமதிப்பது இரண்டாவது. வந்துசேரும் விமானங்களை வரிசைப்படுத்துவது மூன்றாவது. இடைப்பட்ட நெடுந்தொலைவைக் கவனிப்பது நான்காவது. இந்திய வான்பரப்பு மும்பை, தில்லி, கொல்கத்தா, சென்னை என நான்கு பெரும் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சென்னை–புனே பறப்பில் விமானி சென்னை வட்டாரத்திலிருந்து மும்பை வட்டாரத்துக்குள் நுழைகிறார்.

ஆகவே, இரு முனைகளிலும் இடைவழியிலும் சேர்த்துக் குறைந்தது ஆறேழு கட்டுப்பாட்டாளர்கள் தேவை. அவர்கள் கிடைப்பார்களா என்பதை உறுதிசெய்த பின்னரே தேதியை அறிவிக்க வேண்டும். தேதியை முதலில் அறிவித்துவிட்டு ஆள் தேடினால் நிகழ்ச்சி ஆட்டம் காணும். புனேயின் அணுகுமுகக் கட்டுப்பாட்டுக்கு ஒருவர் மட்டுமே கிடைத்தால், விமானங்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைப்பதே முறை.

ஒரே அலைவரிசை, பல குரல்கள்

கூட்டுப் பறப்பின் மையச் சிக்கல் இதுதான். வானம் விரிந்தது, அலைவரிசை குறுகியது. விமான வானொலியில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேச முடியும். இருவர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் இருவர் சொன்னதும் கேட்காது. கீச்சொலி மட்டுமே எழும். 2019-இல் வாட்சிம் அறிமுகப்படுத்திய புதிய குரல் முறையும் உண்மையான வானொலியின் இந்த இயல்பை அப்படியே பின்பற்றுகிறது.

இந்தக் கீச்சொலி எவ்வளவு கொடியது என்பதை வரலாறு அறியும். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரிஃப் தீவில், மூடுபனிக்கு நடுவே இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதின. 583 பேர் உயிரிழந்தனர். காத்திருக்குமாறு கோபுரம் கூறியதும், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் விமானி எச்சரித்ததும் ஒரே விநாடியில் நிகழ்ந்தன. இரண்டும் மோதிக்கொண்டதால், புறப்படத் தொடங்கிவிட்ட கேஎல்எம் விமானத்தின் அறையில் அந்த எச்சரிக்கை தெளிவாகக் கேட்கவில்லை.

இந்தியா கண்ட பேரிழப்பும் சொற்களோடு தொடர்புடையதே. 1996 நவம்பர் 12 அன்று ஹரியாணாவின் சர்க்கி தாத்ரி அருகே சவூதி அரேபிய போயிங் 747 விமானமும் கஜகஸ்தானின் ஐஎல்-76 விமானமும் நடுவானில் மோதிக்கொண்டதில் 349 பேர் உயிரிழந்தனர். நடுவானில் நேரிட்ட மோதல்களில் உலகிலேயே மிக அதிகமான உயிர்களைப் பறித்தது இதுவே. சவூதி விமானம் 14,000 அடியிலும் கஜகஸ்தான் விமானம் 15,000 அடியிலும் இருக்க வேண்டும் என்பது கட்டுப்பாட்டாளரின் உத்தரவு. கஜகஸ்தான் விமானம் அந்த உயரத்தில் நிலைக்காமல் கீழே இறங்கியது. அதன் குழுவினரின் ஆங்கிலப் புரிதல் குறைபாடும் விசாரணையில் சுட்டிக்காட்டப்பட்டது. அதன் பின்னர், மோதல் தவிர்ப்புக் கருவி இந்தியாவில் கட்டாயமாக்கப்பட்டது. சர்வதேச விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் ஆங்கிலத் திறன் அளவுகோல்கள் வகுக்கப்பட்டதற்கு வழிகோலிய விபத்துகளில் இதுவும் ஒன்று.

கணினி வானில் உயிர் போகாது. ஆனால் பிழைகள் ஒன்றே. கட்டுப்பாட்டாளர் ஒருவருக்குக் கூறிய உயரத்தைப் பெயர் ஒத்த மற்றொருவர் தமக்கெனக் கொள்வது, உத்தரவைத் திருப்பிச் சொல்லாமல் 'சரி' என்று மட்டும் கூறுவது, பிறர் உரையாடலின் நடுவே குறுக்கிடுவது ஆகியவை எல்லாக் கூட்டுப் பறப்புகளிலும் காணப்படுபவையே. எனவே, நிகழ்ச்சிக்கு முன் நடத்தும் பத்து நிமிட விளக்கக் கூட்டத்தில் ஏற்பாட்டாளர் நான்கு விதிகளை வலியுறுத்த வேண்டும்.

ஒன்று, அலைவரிசைக்கு வந்தவுடன் பேச வேண்டாம். ஐந்து விநாடி கேட்ட பிறகு பேசுங்கள். இரண்டு, பொத்தானை அழுத்தும் முன் சொல்ல வேண்டியதை மனத்தில் முழுமையாக்கிக் கொள்ளுங்கள். மூன்று, உயரம், திசை, ஓடுபாதை எண் ஆகிய மூன்றையும் விமானத்தின் அழைப்புப் பெயருடன் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். நான்கு, அரட்டைக்கும் ஐயம் தீர்ப்பதற்கும் டிஸ்கார்டில் தனி அறை உண்டு. அவற்றை அலைவரிசைக்குக் கொண்டுவர வேண்டாம்.

அழைப்புப் பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதைத் தவிர்ப்பது ஏற்பாட்டாளரின் பொறுப்பு. 30 பேருக்கும் ஒரே முன்னொட்டும் 101 முதல் 130 வரை எண்களும் கொடுத்தால் அழகாக இருக்கும்; ஆனால் காதுக்குக் குழப்பமாக இருக்கும். 112, 121 ஆகியவை அடுத்தடுத்து ஒலிக்கும்போது யாருக்கு எது என்பது தெரியாது. எண்களைக் கலைத்துக் கொடுப்பதே நல்லது.

குரலில் பேசத் தயங்குவோர் எழுத்து வழியாகவும் தொடர்பு கொள்ளலாம் என வாட்சிம் அனுமதிக்கிறது. கட்டுப்பாட்டாளர் இல்லாத இடங்களில் தங்கள் நிலையை 122.800 என்ற பொது அலைவரிசையில் தெரிவிப்பது வழக்கம்.

நிகழ்ச்சி நாளில்

எல்லாம் சரியாக இருந்தாலும் சிலரின் கணினி நடுவழியில் நின்றுவிடும். சிலருக்கு இணையம் துண்டிக்கப்படும். இதற்கான விதியை முன்பே அறிவித்துவிட்டால் அலைவரிசையில் வாதம் எழாது. வானில் துண்டிக்கப்பட்டவர் திரும்பி வந்தால் வரிசையின் கடைசியில் சேர்க்கப்படுவார் என்பதே பலருக்கும் நியாயமாகத் தோன்றும் ஏற்பாடு.

ஓடுபாதையில் இறங்கிய விமானம் அங்கேயே உறைந்து நின்றுவிட்டால் பின்னால் வருபவர் மேலெழும்பிச் சுற்ற நேரும். அனுமதி இல்லாமல் ஓடுபாதைக்குள் நுழைவதும் அப்படியே. புனேயிலேயே இதற்கு உண்மையான முன்னுதாரணம் உண்டு. 2020 பிப்ரவரி 15 அன்று தில்லிக்குப் புறப்பட வேகமெடுத்த ஏர் இந்தியா ஏ321 விமானத்தின் பாதையில் ஜீப் ஒன்றும் ஒரு மனிதரும் தென்பட்டனர். விமானி குறித்த வேகத்துக்கு முன்பே விமானத்தை மேலெழுப்பி மோதலைத் தவிர்த்தார். விமானத்தின் உடற்பகுதி சேதமடைந்தாலும் அது தில்லியில் பத்திரமாக இறங்கியது. ஓடுபாதை காலியாக இருக்கிறதா என்பதைக் கோபுரமும் விமானியும் தனித்தனியே உறுதிசெய்ய வேண்டும் என்பதற்கு இது ஒரு சான்று.

வேடிக்கைக்காக அவசரநிலை அறிவிப்போரையும் ஏற்பாட்டாளர் எதிர்பார்க்க வேண்டும். நெரிசலான வேளையில் ஒருவரின் எஞ்சின் கோளாறு நாடகம் மற்ற 29 பேரின் நேரத்தைத் தின்றுவிடும். அதைக் கைவிடுமாறு கேட்கக் கட்டுப்பாட்டாளருக்கு உரிமை உண்டு. கடத்தலைக் குறிக்கும் 7500 என்ற எண்ணை ட்ரான்ஸ்பான்டரில் இடுவது வாட்சிமில் முற்றிலும் தடை செய்யப்பட்டுள்ளது. புனே போர் விமானத் தளம் என்பதால் சுகோய் விமானத்தில் வந்து பயணிகள் விமானங்களை இடைமறிக்க ஆசைப்படுவோரும் இருப்பர். ராணுவப் பறப்புகளுக்கு வாட்சிமில் தனி அங்கீகாரம் வேண்டும் என்பதை அறிவிப்பிலேயே கூறிவிடலாம்.

சிறிய தொடக்கம்

முதல்முறை நடத்துவோர் 30 விமானங்களில் தொடங்க வேண்டியதில்லை. ஆறு பேர், ஆறு செஸ்னா, ஒரு பகல்நேரம். புனேயில் புறப்பட்டுத் தென்மேற்கே சின்ஹகட், ராஜ்கட், தோர்ணா கோட்டைகளைச் சுற்றித் திரும்புவது நல்ல முதல் நிகழ்ச்சி. சிவாஜி இளம் வயதில் கைப்பற்றிய தோர்ணாவின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 1,403 மீட்டர். அடிக் கணக்கில் சுமார் 4,600. 6,500 அடியில் பறந்தால் மலைக்கு மேலே போதிய இடைவெளி கிடைக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நேரடி வானிலையில் இதை வைத்தால், பருவமழை மேகங்கள் கோட்டைகளை மறைத்துவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம்.

வரலாற்றைத் தழுவியும் நிகழ்ச்சி அமைக்கலாம். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாக பம்பாய்க்குத் தபால் பைகளுடன் பறந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாக மதராஸ் வரை விமானத்தைக் கொண்டுவந்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட். இந்திய வான்வழிச் சேவையின் தொடக்கமாகக் கருதப்படும் அந்தப் பாதையின் மும்பை–சென்னைப் பகுதியைச் சிறிய விமானங்களில், பெல்லாரியில் ஓர் இடைநிறுத்தத்துடன் பறந்து பார்க்கலாம். இத்தகைய பறப்பில் போட்டியோ அவசரமோ இல்லை. புதியவர்கள் அனுபவமுள்ளவரைப் பின்தொடர்ந்து கற்றுக்கொள்ள முடியும்.

பயன் என்ன, எல்லை என்ன?

இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வீட்டுக் கணினியில் செலவிட்ட நேரத்தில் ஒரு நிமிடம்கூட அதில் சேராது. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அங்கீகரித்த பயிற்சிக் கருவிகளில் பெற்ற நேரம் மட்டுமே, அதுவும் வரம்புக்கு உட்பட்டே, ஏற்கப்படும். தவிர, கணினியில் காற்றின் உலுக்கலோ பிழையின் விளைவோ உடலுக்குத் தெரியாது. அங்கே பழகிய தவறான பழக்கங்களைப் பின்னர் திருத்துவது எளிதல்ல.

ஆனால், வானொலிப் பேச்சு வேறு. விமானி ஆக விரும்புவோர் வானொலித் தொடர்புக்கெனத் தனித் தேர்வில் தேற வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய வாயுயான் சட்டம் 2024, அந்த உரிமத்தின் பொறுப்பைத் தொலைத்தொடர்புத் துறையிடமிருந்து டிஜிசிஏவுக்கு மாற்றியது. தமிழ்வழியில் படித்து வரும் இளைஞர்களுக்கு அந்தத் தேர்வில் தடையாக இருப்பது பெரும்பாலும் விமான அறிவு அல்ல. முன்பின் தெரியாத குரல் ஒன்று வேகமாகக் கூறும் ஆங்கில உத்தரவைப் பிடித்து, தயங்காமல் திருப்பிச் சொல்வதுதான். அந்தத் தயக்கம் பாடப்புத்தகத்தால் போவதில்லை. மற்ற 29 பேர் கேட்டுக்கொண்டிருக்க, தவறினால் திருத்திக்கொள்ள இடமுள்ள ஒரு சூழலில் மீண்டும் மீண்டும் பேசிப் பழகுவது அதற்கு உதவும். செலவு ஒரு கணினியும் ஓர் ஒலிவாங்கியும்தான்.

நிகழ்ச்சி முடிந்த மறுநாள், ஏற்பாட்டாளர் ஒரு சிறு குறிப்பு எழுதி அனைவருக்கும் அனுப்புவது நல்ல வழக்கம். எத்தனை பேர் பதிவு செய்தனர், எத்தனை பேர் இறங்கினர், எத்தனை முறை மேலெழும்பிச் சுற்ற நேர்ந்தது, எங்கே வரிசை தேங்கியது என்பவை அதில் இருந்தால் போதும். யாருடைய பிழை என்று பெயர் குறிப்பிட வேண்டியதில்லை. முதல் நிகழ்ச்சியில் ஆறு பேரும் பத்திரமாக இறங்கியிருந்தால், அடுத்ததற்குப் பன்னிரண்டு பேரை அழைக்கலாம். 30 விமானங்களுக்கான அறிவிப்பை அதன் பிறகு எழுதினால் போதும்.